கழிமுகத்தில் மிதவை வேலி போட்டும் எண்ணெய் உள்ளே வருவது ஏன்?

நெய்தல்

சரக்குக் கப்பல் ஒன்று தரைதட்டி, எரிபொருள் தொட்டி கிழிந்து, கறுப்பு எண்ணெய் ஒரு கழிமுகத்தை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய் 200 மீட்டர் அகலம். உள்ளே அலையாத்திக் காடும் மீன்குஞ்சு வளரும் சதுப்பும். கடல்நீர் உள்ளே ஏறும் ஏற்ற நேரத்தில் நீரோட்டம் 1.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). குறுக்கே மிதவை வேலி கட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் வேலி போட்ட பிறகும் எண்ணெய் உள்ளே போன செய்திகளே அதிகம் கண்ணில் படுகின்றன. எங்கே தவறுகிறது? மருந்து தெளித்துக் கரைத்துவிட முடியாதா? எண்ணெயின் வகையைப் பொறுத்து வேலை மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நல்லது.

வடக்கயிறு

வேலி அறுந்துபோகாமல் அப்படியே நிற்கிறது, எண்ணெய் மட்டும் மறுபக்கம் எழுகிறது என்றால் காரணம் ஓட்டத்தின் வேகம். வேலிக்குச் செங்குத்தாக மோதும் ஓட்டம் 0.7 நாட்டை, அதாவது வினாடிக்கு 0.36 மீட்டரைத் தாண்டினால் போதும். வேலிக்கு முன் தேங்கிய எண்ணெயின் அடிப்பக்கத்தை ஓடும் நீர் துளித்துளியாகப் பிய்த்தெடுக்கும். அந்தத் துளிகள் வேலியிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் திரைக்குக் கீழே நழுவிப் பின்னால் மிதக்கும். திரையை ஆழமாக்கினால் சரியாகும் என்று தோன்றும். ஆழம் குறைந்த வாயில் அது நேர்மாறாக முடியும்: திரைக்கும் தரைக்கும் நடுவே இடம் சுருங்குவதால் அங்கே நீர் இன்னும் வேகமாக ஓடும், எண்ணெயையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் 1.5 நாட் ஓட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டுவது முதல் தவறு. சாய்த்துக் கட்ட வேண்டும். ஓட்டத்தின் திசையோடு வேலி செய்யும் கோணம் 1 நாட்டுக்கு 45 பாகை, 1.5 நாட்டுக்கு 28, 2 நாட்டுக்கு 20, 3 நாட்டுக்கு 13. இதற்கு மேல் கோணம் விரிந்தால் செங்குத்து வேகம் 0.7 நாட்டைத் தாண்டிவிடும். சாய்த்த வேலி எண்ணெயைத் தடுத்து நிறுத்தாது. ஓட்டம் தணிந்த ஒரு கரையோர மூலைக்கு அதை ஒதுக்கித் தள்ளும். அந்த மூலையில் உறிஞ்சு கருவி தயாராக நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூலை நிரம்பி எண்ணெய் வழிந்து போகும்.

இனி இழுவைக் கணக்கு. விசை (கிலோகிராம் எடையில்) = 100 × திரையின் பரப்பு (சதுர மீட்டர்) × வேகத்தின் வர்க்கம் (மீட்டர்/வினாடி). 0.6 மீட்டர் திரையோடு 200 மீட்டர் வேலியை நேராகக் கட்டினால் 120 சதுர மீட்டர் பரப்பு, 1.5 நாட் என்பது 0.77 மீட்டர்/வினாடி. ஏழு டன்னுக்கு மேல் இழுக்கும். அதையே 28 பாகை சாய்த்தால் நீளம் ஏறத்தாழ 425 மீட்டராகும், ஆனால் செங்குத்து வேகம் 0.36 மீட்டர்/வினாடியாகக் குறைவதால் மொத்த இழுவை மூன்றேகால் டன்தான். நீளம் இரட்டிப்பு, சுமை பாதி. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பதை மறந்து கட்டிய வேலிகள்தான் நள்ளிரவில் நங்கூரத்தோடு நகர்ந்துபோகின்றன.

25 மீட்டருக்கு ஒரு நங்கூரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 200 கிலோ வரும். 15 கிலோ டான்ஃபோர்த் வகை நங்கூரம் மணலில் சுமார் 250 கிலோதான் பிடிக்கும், சேற்றில் அதைவிடக் குறைவு. காற்றும் அலையும் சேர்ந்தால் மிச்சமே இருக்காது. ஆகவே 25 கிலோ நங்கூரம் எடுங்கள். கயிற்றின் நீளம் நீர் உயர்ந்த நேரத்து ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி போட்டால் தண்டு தரையோடு படிந்து நிற்கும். கயிற்றை வேலியில் நேரே கட்டாமல் நடுவில் ஒரு சின்ன மிதவை வையுங்கள். இல்லையென்றால் இழுவை ஏறும்போது அந்த இடத்தில் வேலி தண்ணீருக்குள் அமிழ்ந்து, எண்ணெய் மேலே தாண்டிப் போகும்.

சுழி

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வேலி போட்டால் முதலாவதில் நழுவுவதை இரண்டாவது பிடிக்குமே, அண்ணா?

வடக்கயிறு

முதல் வேலி ஓட்டத்தால் தோற்றது என்றால் அதே ஓட்டத்தில் இரண்டாவதும் தோற்கும். அலை தெறித்து மேலே தாண்டியதையோ, இணைப்பில் கசிந்ததையோ பிடிக்க இரண்டாவது உதவும். அப்போதும் இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் இடைவெளி விட வேண்டும்; ஒட்டி வைத்தால் நழுவிய துளிகள் மேலே வருவதற்குள் இரண்டாவது திரையையும் கடந்துவிடும். இன்னொன்று, கரையைத் தொடும் நுனி. நீர் வற்றியதும் சாதாரண வேலி சேற்றில் சாய்ந்து படுத்துவிடும், அடியில் கை நுழையும் இடைவெளி விழும். அங்கே மேலே ஒரு காற்றுக் குழாயும் கீழே இரண்டு தண்ணீர்க் குழாயும் உள்ள கரையொட்டி வேலிதான் வேண்டும். தண்ணீர்க் குழாய்கள் தரையின் மேடு பள்ளத்தில் அமர்ந்து அடைத்துக்கொள்ளும்.

அடித்தளம்

வேலி பற்றிச் சொன்னது சரி. ஆனால் எண்ணெய் கழிமுகம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கப்பலுக்குள் இருக்கும் எண்ணெய்தான் பிடிக்க எளிதான எண்ணெய். முதல் 12 மணி நேரம் அங்கே செலவாக வேண்டும்.

அடித்தட்டு கிழிந்த தொட்டியில் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடாது. உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தமும் வெளியே இருக்கும் கடலின் அழுத்தமும் சமமாகும் வரைதான் வெளியேறும். ஒரு கணக்கு போடுவோம். அடித்தட்டிலிருந்து வெளியே 12 மீட்டர் நீர், தொட்டிக்குள் 14 மீட்டர் எண்ணெய். கடல்நீரின் அடர்த்தி 1.025, எண்ணெயினுடையது 0.97. 12 × 1.025 ÷ 0.97 = 12.7 மீட்டர். ஆக 1.3 மீட்டர் எண்ணெய் போனதும் கசிவு தானாக நின்றுவிடும். "கசிவு கட்டுப்பாட்டில்" என்று அறிவிப்பு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு நீர் வற்றுகிறது. கப்பல் பாறையில் உட்கார்ந்திருப்பதால் அது கூடவே இறங்காது. கடல்மட்டம் 2 மீட்டர் இறங்கினால் வெளியே 10 மீட்டர்தான். சமநிலை 10.6 மீட்டருக்கு இறங்கும். மேலும் 2.1 மீட்டர் எண்ணெய் வெளியேறும். தொட்டியின் பரப்பு 120 சதுர மீட்டர் என்றால் முதலில் போனது சுமார் 160 கனமீட்டர், வற்றத்தில் போவது 250. யாரும் எதையும் தொடாமலே இரண்டாவது கசிவு முதலாவதைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இதைத் தடுக்க வழி உண்டு. வற்றம் தொடங்கும் முன் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து எண்ணெயை எடுத்துச் சேதமில்லாத தொட்டிக்கோ பக்கத்தில் நிற்கும் படகுக்கோ மாற்ற வேண்டும். எடுக்க எடுக்க அடியில் கடல்நீர் ஏறிப் படுக்கைபோல நிற்கும். நீர் வற்றும்போது முதலில் வெளியேறுவது அந்தத் தண்ணீர்தான். கவனிக்க வேண்டியது: கப்பலின் நிலையான உறிஞ்சு குழாய் தொட்டியின் அடியில் இருக்கும். அதைத் திறந்தால் கடல்நீரைத்தான் இழுக்கும். மேல் திறப்பு வழியாக இறக்கும் நீர்மூழ்கிப் பம்பு வேண்டும். எஞ்சின் அறை செத்துப்போனால் எண்ணெயைச் சூடாக்கும் நீராவி நிற்கும், ஃபர்னஸ் ஆயில் என்னும் கன எரிபொருள் இறுகத் தொடங்கும். பம்பு செய்ய 45 முதல் 50 பாகை செல்சியஸ் தேவைப்படலாம். கையடக்கக் கொதிகலனை முதல் நாளே கேட்டு வாங்காவிட்டால் மூன்றாவது நாள் தார்க்கட்டியை அள்ள வேண்டியிருக்கும்.

பக்கவாட்டில் துளை விழுந்தால் கதை வேறு. தண்ணீர் கனமானதால் உள்ளே புகுந்து அடியில் இறங்கும், எண்ணெயை மேலே தள்ளித் துளை வழியாக அனுப்பும். துளையின் மேல்விளிம்புக்குக் கீழே உள்ள எண்ணெய் அத்தனையும் போகும். மோதல் விபத்துகளில் அதனால்தான் கப்பலை மறுபக்கம் சற்றுச் சாய்த்துத் துளையை உயர்த்தப் பார்க்கிறார்கள்.

நெய்தல்

அப்படியானால் முதல் ஏற்றத்திலேயே கப்பலை இழுத்து மிதக்க வைத்துவிடலாமே?

அடித்தளம்

அவசரப்பட்டு எஞ்சினைப் பின்னோக்கி முழு வேகத்தில் ஓட்டுவது மிகக் கெட்ட முடிவு. பாறை முனை தட்டை இன்னும் நீளமாகக் கிழிக்கும், அப்போது கிழியாத தொட்டியும் கிழியும். முதலில் எல்லாத் தொட்டிகளையும் அளவுகோல் விட்டு அளக்க வேண்டும், கப்பலைச் சுற்றி ஆழம் பார்க்க வேண்டும், மிதந்தால் நிலையாக நிற்குமா, உடல் தாங்குமா என்று கப்பலின் உறுதிக்குச் சான்று தரும் கரையிலுள்ள வகைப்பாட்டுச் சங்கத்தின் கணினிக் கணக்கு வர வேண்டும். புயல் நெருங்கினால் எதிர்மாறாக, பல்லாஸ்ட் நீர் ஏற்றிக் கப்பலைத் தரையோடு அழுத்தி வைப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு அலையிலும் தூக்கித் தூக்கிப் போட்டால் எந்தத் தட்டும் தாங்காது.

2020 ஜூலை 25 அன்று மொரிஷியஸின் பவளப்பாரில் ஏறிய வகாஷியோ கப்பலில் எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. நடுவே பன்னிரண்டு நாள். ஆகஸ்ட் 15 அன்று கப்பல் இரண்டாக உடைந்தது. அலை ஓயாமல் அடிக்கும் பாரில் நாள் ஒவ்வொன்றும் உடலிலிருந்து வலிமையைத் தின்கிறது. எண்ணெயை எடுப்பதா கப்பலை மீட்பதா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் எண்ணெய்தான்.

துறைமுகத்துக்குள் விடலாமா என்பதும் இதே வகைக் கேள்வி. 2002 நவம்பரில் உடல் பிளந்த பிரெஸ்டீஜ் டேங்கரைக் கரையிலிருந்து விலக்கிக் கடலுக்குள் இழுத்துப் போனார்கள். ஆறு நாளில் உடைந்து மூழ்கியது. 60,000 டன்னுக்கும் மேல் கன எண்ணெய் ஸ்பெயின், பிரான்ஸ் கரைகளில் பரவியது. ஒரு விரிகுடாவை அழுக்காக்கியிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு கடலோரமே அழுக்கானது. 2003இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சேதமான கப்பல்கள் ஒதுங்கும் அடைக்கல இடங்கள் பற்றிய வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

பிசின்

எண்ணெய் வகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. டன் கணக்கை வைத்து விபத்தை எடை போடக் கூடாது.

1979 ஜூலையில் டொபாகோவுக்கு அப்பால் மோதிய அட்லாண்டிக் எம்ப்ரஸ் 2,87,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கப்பல் விபத்துகளில் அதுவே மிகப் பெரியது. கரைக்கு வந்தது சொற்பம். 1999 டிசம்பரில் பிரான்சுக்கு அருகே உடைந்த எரிகா கொட்டியது ஏறத்தாழ 20,000 டன்தான், ஆனால் அது கன எரிபொருள் எண்ணெய். பல நூறு கிலோமீட்டர் கரை நாசமானது, அள்ளிய கழிவு 2,00,000 டன்னைத் தாண்டியது. கொட்டியதைப் போல் பத்து மடங்கு! மணல், பாசி, தண்ணீர், கையுறை, பை எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இலேசான கச்சா எண்ணெய் முதல் சில நாளில் 40 சதவீதம்வரை ஆவியாகலாம். பெட்ரோல் சில மணி நேரத்தில் போய்விடும். அதில் பயப்பட வேண்டியது தீயும் நச்சும். கன எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூட ஆவியாவதில்லை. அதோடு அலையில் கடைபட்டுத் தண்ணீரை உள்வாங்கிப் பழுப்புக் குழம்பாக மாறும். குழம்பில் 70 சதவீதம் தண்ணீர் என்றால் 100 கனமீட்டர் எண்ணெய் 333 கனமீட்டர் குழம்பாகிறது. அள்ள வேண்டிய அளவு மும்மடங்கு, பாகுத்தன்மை பல மடங்கு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது ஃபர்னஸ் ஆயில் பாறை இடுக்குகளில் களியாகச் சேர்ந்து, பம்பால் எடுக்க முடியாததை ஆட்கள் வரிசையாக நின்று வாளியால் மொண்டதை எல்லோரும் பார்த்தோம்.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்த பிறகு புதிய குறைகந்தக எண்ணெய்கள் புழக்கத்தில் உள்ளன. சிலவற்றில் மெழுகு அதிகம். கடல்நீரின் வெப்பம் எண்ணெயின் உறைநிலைக்குக் கீழே இருந்தால் தண்ணீரைத் தொட்டதும் தகடுபோல் இறுகிவிடும். ஆகவே விபத்து நடந்ததும் முதலில் கேட்க வேண்டிய தாள் பங்கர் ரசீது, அதாவது கப்பலுக்கு எரிபொருள் ஏற்றிய ரசீது. அடர்த்தியும் கந்தகமும் அதில் இருக்கும். பாகுத்தன்மையோ உறைநிலையோ இல்லாவிட்டால் சோதனைக்கூட அறிக்கையைக் கேளுங்கள்.

சுழி

மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே.

பிசின்

டிஸ்பர்சன்ட் எண்ணெயை மாயமாக்கும் மருந்தன்று. நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் அனுப்புகிறது, அங்கே நுண்ணுயிர்கள் மெல்லத் தின்கின்றன. அதனால் ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்தில்தான் அதற்கு இடம். பவளப்பார், அலையாத்தி, மீன்பண்ணை, கடல்நீர் உறிஞ்சும் ஆலைக்குழாய் அருகே தெளித்தால் மேலே மிதந்த கேட்டை நாமே கீழே இறக்குகிறோம்.

கணக்கு: 0.1 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் ஒரு ஹெக்டேரில் 1,000 லிட்டர் எண்ணெய். 1:20 விகிதத்தில் 50 லிட்டர் மருந்து. படகு 5 நாட் வேகத்தில் போய் 10 மீட்டர் அகலம் தெளித்தால் நிமிடத்துக்கு ஏழே முக்கால் லிட்டர் விழ வேண்டும். தீயணைப்புக் குழாயால் பீய்ச்சினால் மருந்து படலத்தைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் வீணாகும். தெளித்த இடத்தில் காப்பி நிற மேகம் நீருக்குள் விரிந்தால் வேலை செய்கிறது. பால் போல வெள்ளை மேகம் வந்தால் எண்ணெய் கேட்கவில்லை, மருந்து மட்டும் கரைகிறது. உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த கன எண்ணெயிலும் முதிர்ந்த குழம்பிலும் பெரும்பாலும் வெள்ளைதான் வரும்.

வடக்கயிறு

இதில் பிசினோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. 1967இல் டோரி கேன்யன் என்ற டேங்கரின் விபத்தில் எண்ணெயைக் கரைக்கச் சுமார் 10,000 டன் சலவை ரசாயனத்தைக் கரையிலும் கடலிலும் கொட்டினார்கள். கரையோர உயிர்களைக் கொன்றதில் எண்ணெயைவிட அதற்கே பங்கு அதிகம். அந்த நினைவால் இன்றும் பல இடங்களில் முடிவெடுக்கத் தயங்கி நாள் கடத்துகிறார்கள். இன்றைய மருந்துகள் அவ்வளவு நச்சானவை அல்ல. வேலை செய்யும் கால அளவோ சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது என்ற வரைபடம் விபத்துக்கு முன்பே கையெழுத்தாகி இருக்க வேண்டும். விபத்தன்று கூட்டம் போட்டால் எண்ணெய் குழம்பாகிவிடும்.

பிசின்

ஒப்புக்கொள்கிறேன். அனுமதி வரைபடம் முன்கூட்டியே வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. நெய்தல் கேட்ட கழிமுகத்துக்கும் கன எண்ணெய்க்கும் மருந்து கூடாது என்பதுதான் என் நிலை.

பருந்துப்பார்வை

கடலில் வேலை செய்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது படலத்தின் பரப்பைப் பார்த்து. மேலேயிருந்து நிறத்தைப் பாருங்கள். வெள்ளிப்பூச்சு என்றால் தடிப்பு 0.04 முதல் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வானவில் நிறம் 0.3 முதல் 5. உலோகப் பளபளப்பு 5 முதல் 50. எண்ணெயின் சொந்த நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் 50 முதல் 200, தொடர்ந்து தெரிந்தால் 200க்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மைக்ரான் என்பது 1,000 லிட்டர். ஆக ஒரு சதுர கிலோமீட்டர் வெள்ளிப்பூச்சில் 40 முதல் 300 லிட்டர். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கறுப்புத் திட்டில் குறைந்தது 2,000 லிட்டர். உறிஞ்சு கருவியைத் திட்டுக்கு அனுப்புங்கள், பளபளப்பைத் துரத்தாதீர்கள். படகில் நிற்பவருக்குத் திட்டு தெரியாது. வானிலிருந்து ஒருவர் வழிகாட்டாமல் படகு ஓடுவது எரிபொருள் வீண்.

நாளைக்கு எங்கே இருக்கும் என்பதற்கு: நீரோட்டத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு, காற்றின் வேகத்தில் 3 சதவீதத்தை அதன் திசையில் கூட்டுங்கள். 20 நாட் காற்று என்றால் 0.6 நாட், பத்து மணி நேரத்தில் 6 கடல்மைல். கையில் வரைபடமும் அளவுகோலும் போதும்.

கொப்பரை

உறிஞ்சு கருவியின் தட்டில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 50 கனமீட்டர் என்று இருந்தால் அமெரிக்கத் திட்டக் கணக்கில் அதில் 20 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: நாளுக்கு 240 கனமீட்டர். அணை வகைக் கருவி எண்ணெயைவிடத் தண்ணீரை அதிகம் விழுங்கும். வட்டத்தட்டு வகை இலேசான எண்ணெய்க்கு நன்று, குழம்பில் வழுக்கும். கன எண்ணெய்க்கும் குழம்புக்கும் தூரிகை அல்லது பெல்ட் வகைதான்.

கருவி நிற்பது பெரும்பாலும் பழுதால் அல்ல, சேமிக்கத் தொட்டி இல்லாததால். 240 கனமீட்டர் எடுத்தால் 240 கனமீட்டர் கொட்ட இடம் வேண்டும், அதைக் காலி செய்ய லாரியும் துறையும் வேண்டும். ஊதிக்கொள்ளும் மிதவைப் பைகளில் கன எண்ணெயை நிரப்பினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. திறந்த வாயுள்ள பார்ஜ் என்னும் தட்டைப் படகே மேல். நின்று தெளிந்த அடிநீரை வேலிக்கு உட்பக்கமே திருப்பி விட அனுமதி வாங்கி வையுங்கள். அந்த ஒரு அனுமதி சேமிப்பை இரட்டிப்பாக்கும்.

வைக்கோல், மரத்தூள், தலைமுடி என்று தூவச் சொல்லிக் கிளம்பும் பேச்சுக்கு ஒரு வார்த்தை. தளர்வாகத் தூவிய எதுவும் பம்பை அடைக்கும், கழிவைப் பெருக்கும். துணிக்குள் அடைத்துக் கட்டினால் பயன் உண்டு. மொரிஷியஸ் மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் திணித்துத் தைத்த வேலிகள் அமைதியான உள்நீரில் உதவின. அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கரையோரம்

கரையில் சேர்ந்த பிறகு முதல் விதி: எண்ணெய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது மெருகேற்றிச் சுத்தம் செய்யாதீர்கள். முதலில் தேங்கிய மொத்த எண்ணெய், அடுத்து ஒட்டிய மணல், கடைசியில்தான் கறை.

மணற்கரையில் பொக்லைன் இறக்கியதும் வேகமாக வேலை நடப்பதுபோலத் தெரியும். சக்கரம் எண்ணெயை ஒரு அடி ஆழத்துக்கு மிதித்து இறக்கும், வாளி இரண்டு சென்டிமீட்டர் எண்ணெய்க்காக முப்பது சென்டிமீட்டர் மணலை அள்ளும். தட்டையான மண்வெட்டியும் ஆட்களும்தான் குறைந்த கழிவில் முடிப்பார்கள். பையில் 10 முதல் 15 கிலோவுக்கு மேல் நிரப்பாதீர்கள். அதிகமானால் தூக்கும்போது கிழியும். நிரம்பிய பையை வெயிலில் வாரக்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக் பொடிந்து எல்லாம் திரும்ப மணலில். பைகளை உயர் நீர்க்கோட்டுக்கு மேலே, தார்ப்பாய் விரித்த குழியில் அடுக்குங்கள். எண்ணெய், எண்ணெய் மணல், எண்ணெய்ப்பட்ட குப்பை மூன்றும் தனித்தனி. கலந்துவிட்டால் பிறகு எந்த ஆலையும் வாங்காது.

பாறையைச் சூடான உயரழுத்த நீரால் கழுவினால் பளிச்சென்று ஆகும். 1989 எக்ஸான் வால்டெஸ் விபத்துக்குப் பிறகு அலாஸ்காவில் அப்படிக் கழுவிய கரைகளில் எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் வெந்து போயின. பொதுமக்கள் கண்ணுக்குச் சுத்தம், கடலுக்கு வெறுங்கல்.

அலையாத்திக் காட்டுக்குள் ஆட்களை இறக்கவே வேண்டாம். மூச்சுவேர்களின் துளைகள் எண்ணெயால் அடைபட்டு மரம் திணறுகிறது. அதோடு நாம் மிதித்து எண்ணெயைச் சேற்றுக்குள் ஏற்றினால் பல ஆண்டுக்கு அங்கேயே கிடக்கும். படகிலிருந்து குறைந்த அழுத்தத்தில் கடல்நீர் பாய்ச்சி மிதக்கவிட்டுப் பிடிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

புதிய எண்ணெய்க்கு அருகே வாயு அளவி இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். அழுகிய முட்டை வாடை வந்து சட்டென்று நின்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு போய்விட்டது என்று பொருளில்லை. செறிவு ஏறினால் மூக்கு மரத்துவிடும். வெயிலில் முழு உடைக்குள் வேலை செய்பவருக்கு நிழலும் தண்ணீரும் சுழற்சி நேரமும் கையுறையைப் போலவே கட்டாயம்.

ஏடு

இழப்பீடு கேட்பவர்களுக்குச் சில வரிகள். டேங்கர் கொட்டிய கச்சா எண்ணெய், கன எண்ணெய் போன்றவற்றுக்கு கப்பல் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்னும் 1992 பொறுப்பு உடன்படிக்கையும் அதற்கு மேல் 1992 நிதியமும் உண்டு. இரண்டும் சேர்த்து 203 மில்லியன் எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை. நெய்தல் சொன்ன சரக்குக் கப்பலுக்கு அந்த நிதியம் பொருந்தாது. அங்கே 2008 நவம்பரில் அமலுக்கு வந்த பங்கர் உடன்படிக்கைதான், கடலோர நாடு அதில் சேர்ந்திருந்தால். 1,000 மொத்த டன்னேஜுக்கு (கப்பலின் கொள்ளளவு அலகு) மேற்பட்ட கப்பல் காப்பீட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், காப்பீட்டாளரிடம் நேரடியாகவே கேட்கலாம். காலக்கெடு சேதம் நேர்ந்ததிலிருந்து 3 ஆண்டு, சம்பவத்திலிருந்து 6 ஆண்டு. அதற்குள் வழக்குத் தொடர வேண்டும், மனு மட்டும் போதாது.

பணம் நிற்பது பதிவேட்டில். எத்தனை பேர், எந்தக் கரை, எத்தனை மணி நேரம், எந்தக் கருவி, எத்தனை பை என்று அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்து. மீனவருக்கு முந்தைய ஆண்டுகளின் ஏல ரசீது, டீசல் சீட்டு. இவை இல்லாமல் உண்மையான இழப்பும் நிரூபிக்க முடியாமல் போகிறது, அதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

மாதிரி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் கூடாது. 30 முதல் 50 மில்லி. மூடிக்குள் டெஃப்லான் அல்லது அலுமினியத் தாள். இடம், நேரம், எடுத்தவர் ஒப்பம், முத்திரை. இருட்டில், 4 பாகைக் குளிரில். கப்பலின் தொட்டியிலிருந்தும் ஒன்று. எண்ணெயின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை ஒப்பீட்டில் எந்தக் கப்பலின் எண்ணெய் என்று சொல்லிவிடலாம்.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்ட திட்டம் இது: 28 பாகைக்குச் சாய்த்து 425 மீட்டர் வேலி, 25 மீட்டருக்கு ஒரு 25 கிலோ நங்கூரம், கீழ்முனையில் தூரிகை வகைக் கருவியும் பார்ஜும், இரு கரையிலும் கரையொட்டி வேலி, மருந்து இல்லை. சரியா?

வடக்கயிறு

கிட்டத்தட்ட. மூன்று திருத்தம். 425 என்பது நேர்கோட்டுக் கணக்கு. வேலி நங்கூரங்களுக்கு நடுவே வளையும், அந்தத் தொய்வில் எண்ணெய் தேங்கும் பை உருவாகும். 480 மீட்டர் கையில் வைத்து, தொய்வு விழும் இடத்தில் நங்கூரத்தை நெருக்கிப் போடுங்கள். கோணத்தை 25ஆகக் குறைத்தால் ஓட்டம் சற்றுக் கூடினாலும் தாங்கும். அப்போது 540 வரை தேவைப்படலாம்.

இரண்டாவது, வேலியின் கீழ்முனை கழிமுகத்தின் உட்பக்கம் சாய்ந்திருக்கும். கருவி நிற்கும் அந்த மூலை கரையில் லாரி வர வழியுள்ள பக்கமாக இருக்கட்டும். எதிர்க்கரையில் அமைத்துவிட்டு எண்ணெயை எடுத்துப்போகத் திணறுவதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது முக்கியம். இது ஏற்றத்துக்குக் கட்டிய வேலி. ஆறு மணி நேரத்தில் ஓட்டம் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் நங்கூரம் போட்டிருந்தால் வேலி மறுபக்கம் உப்பி, பிடித்து வைத்த எண்ணெயை அப்படியே வெளியே விடும், அடுத்த ஏற்றத்தில் அதே எண்ணெய் திரும்ப வரும். ஒவ்வொரு இடத்திலும் இருபுறமும் நங்கூரம், அதாவது நீங்கள் கணக்கிட்டதைப் போல் இரண்டு மடங்கு. மூலையில் சேர்ந்ததை ஓட்டம் திரும்பும் முன்பே எடுத்து முடித்திருக்க வேண்டும். நங்கூரம் நகர்த்தவோ முடிச்சு பார்க்கவோ படகை அனுப்புவது ஓட்டம் நின்று திரும்பும் அந்தச் சிறு இடைவேளையில் மட்டும். ஓட்டத்தட்டவணையை அச்செடுத்து வேலிப் படகின் சுக்கான் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், இரவு நேரத்தையும் சேர்த்து.